தண்ணீர் இழுப்பதில்லை

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்த பிள்ளைகள் கடைசியில் வந்து சேருகிற இடம் திலகவதியின் வீடு. பதினாறாம் பிளாக்கில் முருங்கை மரம் மதில்மேல் சாய்ந்து நிற்கிற குவார்ட்டர்ஸ் என்றால் யாரும் வழி காட்டிவிடுவார்கள். அப்பா ராஜாங்கம் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் வெல்டர், பெர்மனென்ட். அம்மா கனகம். தம்பி சிலம்பரசன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு காண்ட்ராக்டரிடம் ஷிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

திலகவதி சிவில் இன்ஜினீயரிங் படித்தவள். படிப்பு முடிந்து சென்னையில் ஒரு கட்டடக் கம்பெனியில் கொஞ்ச காலம் வெயிலில் நின்றாள். அந்தக் கம்பெனி ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டது. ஊருக்குத் திரும்பியவள், வேறு வேலை கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லித்தான் டியூஷன் ஆரம்பித்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

நாலு வருஷம் படித்ததில் அவள் மனசில் ஆணியடித்தமாதிரி நின்ற பாடம் அது ஒன்றுதான். காரணம் சுப்புலட்சுமி மேடம். முதல் நாள் வகுப்புக்கு ஒரு ஜூஸ் பாக்கெட்டோடு வந்தார். ஸ்ட்ராவைக் குத்தி, உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "நான் இப்ப என்ன பண்றேன்?" எல்லாரும் "சக் பண்றீங்க மேடம்" என்றார்கள். "இல்ல. நான் வாய்க்குள்ள இருக்கற காத்தைக் கொறைக்கறேன், அவ்வளவுதான். வெளியில இருக்கற காத்து ஜூஸைத் தள்ளுது. எழுதிக்கோங்க. தண்ணிக்கு இழுக்கத் தெரியாது. தள்ளத்தான் தெரியும்."

திலகவதியும் தன்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்லுவாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதிக்கொண்டவர்களில் ஒருத்தி செவ்வந்தி, பாலிடெக்னிக்கில் படிப்பவள். அவள் அண்ணன் இளம்பரிதிதான் சிலம்பரசனின் உயிர்ச் சிநேகிதன். இரண்டு பேருக்கும் ஒரே காண்ட்ராக்டர், ஒரே ஷிஃப்ட், ஒரே பைக். கனகத்தின் பிறந்த ஊரான செம்பியாங்கொல்லையில், ஊரைத் தாண்டி இருக்கிற காலனியில் இளம்பரிதியின் வீடு. டவுன்ஷிப்புக்கு வந்தால் அவன் கனகத்தின் அடுப்படிவரை போவான். "தோசை ஆறுது, ரெண்டு பேரும் வந்து குந்துங்கடா" என்று கனகம் கூப்பிடுவாள். செம்பியாங்கொல்லைக்குப் போனால் மட்டும் அவன் சிலம்பரசனின் மாமா வீட்டு வாசலோடு நின்றுகொள்வான். அதை யாரும் பேசியதில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. செம்பியாங்கொல்லை ஏரி நிரம்பி, கரை கசிய ஆரம்பித்தது. ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவர் கனகத்தின் தம்பி விஜயராஜ். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்தான் போய் மதகின் ஷட்டரைத் திருகித் தூக்கிவிட்டார். தண்ணீர் கரைக்கு அடியில் ஒரு சிமெண்ட் பைப் வழியாகப் பாய்ந்து அந்தப் பக்கத்து வாய்க்காலில் போய் விழுந்தது. கரை தப்பியது. யார் செய்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அன்றைக்கு மத்தியானம் குடும்பத்தில் எல்லாருக்கும் மாமா விஜயராஜ் வீட்டில் கறிச்சோறு. சாப்பாட்டுக்கு முன்னால் குளித்துவிட்டு வருகிறேன் என்று சிலம்பரசன் இளம்பரிதியோடு ஏரிக்குப் போனான். சின்ன வயதிலிருந்து நீந்திய ஏரி. மதகடியில் மீன் கூடும் என்று அங்கே இறங்கியிருக்கிறான். மேலே தண்ணீர் கண்ணாடிமாதிரி அசையாமல் கிடந்தது. கீழே பைப்பின் வாய் திறந்திருந்தது. ஒரு காலத்தில் அதன் முன்னால் கம்பித் தடுப்பு இருந்ததாம். துருப்பிடித்து எப்போதோ உதிர்ந்துவிட்டது.

அவனுடைய வலது கால் பைப்புக்குள் போய்விட்டது. இடுப்பு வாயில் வந்து அடைத்துக்கொண்டது.

இளம்பரிதியின் கூச்சல் கேட்டு வயலில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முங்கி இழுத்துப் பார்த்தார்கள். ஷட்டரை இறக்கவும் முடியாது. இறக்கினால் அவன் மேலேயே இறங்கும். தீயணைப்பு வண்டி வந்தபோது அவன் செத்து வெகுநேரம் ஆகியிருந்தது. வந்தவர்கள் ஏரிப் பக்கம் இறங்கவே இல்லை. கரையின் அந்தப் பக்கம் போய், வாய்க்காலில் பைப்பின் மறுவாயை மணல் மூட்டைகளால் அடைத்தார்கள். கசிந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாமலே, சிலம்பரசன் ஏரிப் பக்கம் மெதுவாக மேலே வந்தான்.

அதுவரைக்கும் கரையில் உருண்டு கதறிக்கொண்டிருந்த கனகம் அதைப் பார்த்ததும் கதறலை நிறுத்திவிட்டாள்.

கருமாதி அன்றுதான் முதல் பேச்சு எழுந்தது. பந்தலில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த விஜயராஜ், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "எட்டு ஊரு ஏரி நீந்தனவன். அவனா மாட்டிகினு சாவான்? கைய நீட்டியிருக்கான். கூட இருந்தவன் கைய வுட்டுட்டான். வுட்டானோ, இல்ல மொதல்லயே புடிச்சித் தள்னானோ, எவன் கண்டான்?"

பந்தலில் இருந்த ஒரு பெரியவர், "வாய அடக்கு விஜி. செத்த வூட்ல பேசற பேச்சா இது?" என்றார். ஆனால் பேச்சு அடங்கவில்லை. பொங்கலுக்குள் அது ஊரெல்லாம் சுற்றி, சுற்றச் சுற்றப் பருத்து, கடைசியில் நேரில் பார்த்தவர்கள் இருப்பதுபோல ஆகிவிட்டது. காலனிப் பிள்ளைகள் ஊர்த் தெரு வழியாகப் பஸ்ஸுக்குப் போவதை நிறுத்தினார்கள். ஓர் இரவு இளம்பரிதி வீட்டுக் கூரைமேல் யாரோ கல்லெறிந்தார்கள். மறுநாள் விடிந்ததும் அவன் அப்பா சக்கரபாணி குடும்பத்தை முத்தாண்டிக்குப்பத்தில் மைத்துனி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாட்டைப் பார்த்துக்கொள்ளத் தான் மட்டும் திரும்பி வந்தார். செவ்வந்தி டியூஷனுக்கு வருவது நின்றது.

கனகம் அந்தப் பேச்சைக் கிளப்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை. யாராவது வந்து துக்கம் கேட்டால், "கைய வுட்டுட்டான்" என்ற ஒரே சொல்லைச் சொல்லுவாள். யார் விட்டது என்று சொல்லமாட்டாள். சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

திலகவதியும் ஆரம்பத்தில் அதை நம்பத்தான் செய்தாள். வெளியே சொல்லவில்லையே தவிர, படுக்கும்போதெல்லாம் அவள் கண்ணுக்குள் ஒரு கை வந்து இன்னொரு கையை விட்டது. இளம்பரிதி இன்னும் கொஞ்சம் பலசாலியாக இருந்திருக்கக்கூடாதா, இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கக்கூடாதா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

தை பிறந்து சில நாள் கழித்து டியூஷன் பிள்ளைகள் தயங்கித் தயங்கி மறுபடி வந்தார்கள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நீரில் மூழ்கிய பரப்பின் மேல் விசை, அதுதான் அடுத்த பாடம். எல்லா வருஷமும் கேள்வித்தாளில் வருகிற கணக்கு. அணையிலோ தொட்டியிலோ ஒரு கதவு. மேலே இவ்வளவு ஆழம். கதவைத் தண்ணீர் எவ்வளவு விசையோடு தள்ளும் என்று கண்டுபிடிக்க வேண்டும். திலகவதி இதைத் தூக்கத்தில்கூடப் போடுவாள். போர்டில் படம் வரைந்தாள். வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. ஏரி எவ்வளவு பெரிசு என்பது கணக்கில் வராது, ஆழம்தான் வரும், ஆழமும் பரப்பும் தெரிந்தால் போதும் என்று.

காயத்ரி என்ற பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, சின்னக் கதவா இருந்தா ரெண்டு பேர் சேர்ந்து தள்ளித் தொறந்துட முடியாதா?"

"எவ்ளோ சின்னது?"

"ஒரு... ரெண்டடி வட்டமா இருந்தா?"

திலகவதி எழுதினாள். விட்டம் இரண்டடி. ஆழம் என்ற இடத்தில் சாக்பீஸ் நின்றது. எதை நினைத்தும் செய்யவில்லை. கை தானாக ஐந்தடி என்று எழுதியது. செம்பியாங்கொல்லை மதகில் பைப்பின் வாயும் இரண்டடிதான், அன்றைக்கு அதன்மேல் தண்ணீர் ஐந்தடி. பெருக்கினாள். விடை நாலாயிரத்துச் சொச்சம் நியூட்டன் வந்தது. பரீட்சையில் அங்கே கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். அவள் போகவில்லை. கிலோவுக்கு மாற்றினாள். நானூற்று இருபது கிலோ.

எட்டு மூட்டை சிமெண்ட், என்று நினைத்தாள். சென்னையில் சைட்டில் லாரியிலிருந்து இறக்கியிருக்கிறாள், ஒரு மூட்டையைத் தூக்கவே ஆள் முக்குவான். எட்டு மூட்டை அவன் இடுப்பின்மேல் இருந்திருக்கிறது. கால் சந்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது என்று குறைத்துப் போட்டாலும் ஆறு மூட்டை. இளம்பரிதி ஒருத்தன். வெறும் கை. காலை ஊன்றிக்கொள்ள இடமில்லாத தண்ணீர்.

கல்லூரி லேபில் நடந்தது ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. பெரிய தொட்டியின் அடியில் இருந்த வடிகால் துளையில் ஒரு பிளாஸ்டிக் மக் போய் ஒட்டிக்கொண்டது. மூன்று பெண்கள் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். லேப் அசிஸ்டெண்ட் வந்து வடிகாலின் வால்வைக் கீழே மூடினார், அவ்வளவுதான். மக் தானாக மிதந்து மேலே வந்தது. அதைப் பற்றி ரெக்கார்டில் யாரும் எதுவும் எழுதவில்லை. அது சோதனையே இல்லையே. பாஸ் பண்ணி, முதல் வகுப்பு வாங்கி, பிறகு இத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்து, அந்தக் கதவுக் கணக்கை எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட அந்தக் கதவின் இடத்தில் ஒரு மனுஷனை வைத்துப் பார்த்ததில்லை. மதகடியில் குளிக்காதே என்று தம்பியிடம் சொல்லத் தோன்றியதில்லை. பாடம் கேள்வித்தாளோடு நின்றுவிட்டது.

"அக்கா?" என்றாள் காயத்ரி.

"முடியாது" என்றாள் திலகவதி. "ரெண்டு பேரால முடியாது. நாலு பேராலயும் முடியாது." பிள்ளைகளைச் சீக்கிரமாக அனுப்பிவிட்டாள்.

அந்த வாரமே விஜயராஜ் டவுன்ஷிப்புக்கு வந்தார். ராஜாங்கம் ஷிஃப்ட் முடிந்து வந்து, யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். மகன் போனதிலிருந்து அவர் பேச்சு குறைந்துவிட்டது.

"மாமா, நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறோம்" என்றார் விஜயராஜ். "அவன் மேல சந்தேகம்னு நீங்கதான் சொல்லணும். பெத்த தகப்பன் சொன்னாதான் கேசு நிக்கும். ஆளுங்கள நான் கூட்டியாரேன்."

ராஜாங்கம் மனைவியைப் பார்த்தார். கனகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திலகவதி சமையல்கட்டிலிருந்து வந்தாள். "அவன் தள்ளல மாமா. கைய வுட்டதாலயும் சாவல. அந்தப் பைப்பு வாயில தண்ணி அவன நானூறு கிலோ பாரத்துல அமுக்கிகினு இருந்திருக்கு. யார் புடிச்சாலும் வந்திருக்க மாட்டான். அப்பா புடிச்சிருந்தாலும். நீங்க புடிச்சிருந்தாலும்."

"நானூறு கிலோவா? நீ போய்த் தராசு வச்சிப் பாத்தியா?"

"கணக்கு இருக்குது மாமா. ஆழத்தையும் பைப்போட அளவையும் வச்சி..."

"மூணு ஆம்பளைங்க பேசறப்ப காலேஜ் கணக்க எடுத்துகினு வராத திலகா." கூடத்தில் ஆண்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கோபத்தில் அவர் எண்ணிக்கை தப்பியது. "அந்த ஏரி எங்க தாத்தன் காலத்துலருந்து இருக்குது. இதுவரைக்கும் எவன அமுக்குச்சு?"

"இதுவரைக்கும் யாரும் தொறந்த மதகுக்கு முன்னால எறங்கல மாமா. கம்பித் தடுப்பு இல்லாததும்..."

அவள் முடிப்பதற்குள் விஜயராஜ் எழுந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "அப்ப மதகத் தொறந்தவன்தான் கொன்னான். அதத்தான் சொல்ல வர? சொல்லு. என் அக்கா புள்ளைய நான்தான் கொன்னேன். சொல்லு!"

"நான் அப்பிடிச் சொல்லல மாமா."

"வேற எப்பிடிச் சொன்ன?"

அந்தக் குரல் உடைந்ததும்தான் திலகவதிக்கு விளங்கியது. இத்தனை நாளாக இந்த மனுஷர் எதைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தார் என்று. ஷட்டரைத் திருகிய கை அவருடையது. அந்தக் கையைப் பார்க்காமலிருக்க அவருக்கு வேறொரு கை தேவைப்பட்டது.

"யாரும் கொல்லல மாமா" என்றாள்.

கனகம் அப்போது திரும்பினாள். "யாரும் கொல்லல. சரி. அப்ப நான் யாரப் போயிக் கேக்கறது?" மகளைப் பார்த்துத்தான் கேட்டாள். "சொல்லுடி. நீ படிச்சவதானே. உங் கணக்குல அதுக்கு வெட இருக்குதா? அவன்தான் வுட்டான்னு இருந்தா, தெனம் ஒருத்தன சாபம் வுட்டுகினாவது கெடப்பேன். அதயும் புடுங்கிகினு போறியே."

ராஜாங்கம் எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "நான் ஸ்டேஷனுக்கு வரல விஜி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். விஜயராஜ் செருப்பை மாட்டாமலே படியிறங்கி, பிறகு திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கனகம் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள். துணி துவைத்து மடித்து வைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது.

அடுத்த ஞாயிறு திலகவதி பண்ருட்டி பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கினாள். முந்திரித் தோப்பைத் தாண்டி, விசாரித்துக்கொண்டு போய் அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த செல்லக்கிளி, இளம்பரிதியின் அம்மா, அவளைப் பார்த்ததும் பயந்துபோய்ப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"நான் மட்டுந்தான் வந்தேங்க."

"உள்ள வாம்மா. வெயில்ல நிக்காத." "எம் புள்ள அந்த மாதிரி இல்லம்மா. உந் தம்பி எங்க வூட்டு ஒலயில வெந்த சோத்தத் துன்னவன்..."

"தெரியுங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

இளம்பரிதி உள்ளே பாயில் சுவரோடு சாய்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். அன்றைக்கு இழுத்ததில் தோள்பட்டை பிசகி, இன்னும் கையை முழுசாகத் தூக்க முடியவில்லை. செவ்வந்தி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள்.

திலகவதி கணக்கைச் சொன்னாள். நிதானமாக, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல. பைப், ஆழம், எட்டு மூட்டை சிமெண்ட். செவ்வந்திக்கு நடுவிலேயே புரிந்துவிட்டது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். இளம்பரிதி கடைசிவரை கேட்டான்.

"ஆனா நான் வுட்டேங்க்கா" என்றான்.

"என்னா?"

"உங்கம்மா சொல்றது பொய் இல்ல. முங்கி அவன் அக்குள்ள கையக் குடுத்து இழுத்தேன். மூச்சு முட்டும். மேல வருவேன். மேல வரணும்னா கைய வுடணும்ல? ஒவ்வொரு தடவையும் வுட்டேன். வுடும்போதெல்லாம் அவன் என் விரலப் புடிச்சான்க்கா. நான் பிச்சிகினு மேல வந்தேன். கடைசியா எறங்கனப்ப அவன் புடிக்கல."

திலகவதி அழக்கூடாது என்றுதான் வந்திருந்தாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஒண்ணு கேக்கட்டுமாக்கா? ஃபயர் சர்வீஸ்காரங்க அந்தப் பக்கம் மூட்டைய அடுக்குனாங்க. ஒடனே அவன் மேல வந்தான். யாரும் இழுக்கல. நான் பாத்துகினே இருந்தேன். நான் இந்தப் பக்கம் இழுத்துகினு கெடந்த நேரத்துல, கரைமேல ஏறி அந்தப் பக்கம் ஓடி, எத்தையாவது வச்சி அடச்சிருந்தா... பொழச்சிருப்பானா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். விடை கரையின் அந்தப் பக்கம்தான் இருந்தது. அழுத்தத்தை அழுத்தத்தால்தான் சமன் செய்ய முடியும், கையால் முடியாது. அந்தப் பைப்பின் நீளம், அது நிரம்ப எவ்வளவு தண்ணீர் வேண்டும், சிலம்பரசனின் கால் சந்து வழியாக எவ்வளவு கசிந்திருக்கும், ஒருத்தன் தனியாக எதைக் கொண்டு அடைத்திருப்பான், ஒரு மனுஷன் மூச்சை எவ்வளவு நேரம் பிடிப்பான். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் முடியாது என்றுதான் வரும். பெரும்பாலும் முடியாது என்று. அந்தப் 'பெரும்பாலும்' என்பதை அவள் விடையிலிருந்து விட்டுவிட்டாள்.

"பொழச்சிருக்க மாட்டான்" என்றாள். "நீ ஒருத்தன் அடச்சிருக்கவும் முடியாது. அடச்சாலும் பைப்பு ரொம்பறதுக்குள்ள நேரம் ஆயிருக்கும். நீ அந்தப் பக்கம் ஓடியிருந்தா அவன் தனியாத்தான் செத்திருப்பான். நீ கூட இருந்த."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை. "சரிங்க்கா" என்றான்.

மாசி மாதம் அவன் திருப்பூருக்குப் போய்விட்டான் என்று செவ்வந்தி போன் செய்து சொன்னாள். ஏதோ சாயப்பட்டறையில் வேலை. தோள் வலியோடு என்ன வேலை செய்வான் என்று திலகவதி கேட்கவில்லை. செவ்வந்தி படிப்பை விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் போனிலேயே பாடம் கேட்டாள். கதவுக் கணக்கு மட்டும் வேண்டாம் என்றாள். "அத சாய்ஸ்ல வுட்டுடறேன்க்கா." திலகவதியும் சரி என்றாள்.

செம்பியாங்கொல்லையில் கல்லெறிவது நின்றது. ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை. ஆனால் இளம்பரிதி நிரபராதி என்றும் யாரும் சொல்லவில்லை. பேச்சு செத்துப்போகாமல் கங்குமாதிரி சாம்பலுக்குள் கிடந்தது. சக்கரபாணி குடும்பத்தைத் திரும்பக் கூட்டிவரவில்லை.

சித்திரை வெயிலில் ஏரி வற்றியது. ஒருநாள் சாயங்காலம் ராஜாங்கம் ஒரு துண்டுக் காகிதத்தோடு மகள் முன்னால் வந்து உட்கார்ந்தார். காகிதத்தில் ஒரு வட்டமும் அதன்மேல் குறுக்குக் கம்பிகளும் வரைந்திருந்தார்.

"வடலூர்ல நமக்குத் தெரிஞ்ச வெல்டிங் பட்டற இருக்குது. லீவு போட்டு நானே பண்ணிடுவேன். கம்பி எவ்ளோ தாங்கணும்னு சொல்லு."

திலகவதி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "இப்பிடித் தட்டையா வேணாம்பா. தட்டையா இருந்தா, தழை கொழை வந்து மூடிகிச்சின்னா பாரம் முழுக்க கம்பி மேல வுழும். ஆளு ஒட்டுனாலும் அப்பிடியே அமுக்கிடும்." பக்கத்திலேயே வரைந்தாள். "கூண்டு மாதிரி முன்னால நீட்டி வைக்கணும். மேல, ரெண்டு பக்கம், முன்னாலன்னு நாலு வழியாவும் தண்ணி போவணும். ஒரு பக்கம் யார் ஒட்டிகிட்டாலும் மத்த பக்கம் போவும். அழுத்தம் சேராது. ஆளு தானா நவுந்து வந்துடலாம்."

ராஜாங்கம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது உங்க பாடத்துல இருக்குதா?"

"இல்ல" என்றாள். "பாடத்துல இருக்கறத வச்சி யோசிச்சேன்."

எவ்வளவு தடிமன் கம்பி, எத்தனை அங்குல இடைவெளி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மகன் செத்த பிறகு அப்பாவும் மகளும் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்ததைத் திலகவதி கவனித்தாள்.

கூண்டை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டுபோய் ஏரிக்கரையில் இறக்கினார்கள். கனத்த சாமான், ராஜாங்கம் ஒருத்தரால் ஆகாது. விஜயராஜ் வந்தார். கரையோரம் பனைமரத்து நிழலில் நின்றார், கீழே இறங்கவில்லை. காலனிப் பக்கமிருந்து சக்கரபாணி மண்வெட்டியோடு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நேராகப் போய்க் கூண்டின் மறுமுனையைப் பிடித்தார். வெடித்துக் கிடந்த ஏரியின் அடிமண்ணில் நடந்துபோய் இரண்டு தகப்பன்களும் அதை மதகு வாயில் பொருத்தினார்கள். சக்கரபாணி கலவை போட்டார். ராஜாங்கம் பூசினார்.

தண்ணீர் இல்லாத ஏரியில் அந்த இடம் எவ்வளவு சின்னது என்று திலகவதி பார்த்தாள். பைப்பின் வாய் அவள் மார்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. ஒரு குழந்தை சாதாரணமாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். கூண்டைப் போட்டோ எடுத்து இளம்பரிதிக்கு அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் நீல டிக் காட்டியது. பதில் வரவில்லை.

வேலை முடிந்து மேலே ஏறியபோது பனைமர நிழல் காலியாக இருந்தது. விஜயராஜ் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. கொண்டுவந்த தண்ணீர் கலவைக்கே தீர்ந்துவிட்டதால் சக்கரபாணி மண்வெட்டியை மண்ணிலேயே தேய்த்துவிட்டு, "வரேங்க" என்றார். ராஜாங்கம் தலையசைத்தார்.

அவர்கள் வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கனகம் வாசல் குழாயடியில் நின்றிருந்தாள். கணவனின் கையில் காய்ந்திருந்த சிமெண்ட்டைப் பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் கை கழுவி முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, திலகவதியைப் பார்த்துக் கேட்டாள். மாதக்கணக்கில் மகளிடம் அவள் கேட்ட முதல் வார்த்தை.

"கெட்டியா இருக்குமா?"

"இருக்கும்மா."

"மழ பேஞ்சி ரொம்பனாலும்?"

"ரொம்பனாலும்."

கனகம் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப இனிமே எவ பெத்த புள்ளையும் அங்க சாவாது" என்றாள். குழாயை இறுக்கி மூடினாள். "எம் புள்ளையோட முடிஞ்சிது."

அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். திலகவதி வாசலிலேயே நின்றாள். அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடிந்த பிறகும்.